அமெரிக்கக் கணினி, வேலூர் கரண்ட்: பவர் கார்டா, எஸ்எம்பிஎஸ்ஸா, டிரான்ஸ்ஃபார்மரா?

வேலூரில் வெளிநாட்டுக் கணினிகளுக்குப் பஞ்சமே இல்லை. நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போய்க் குடும்பத்தோடு திரும்பியவர்கள், தோல் வியாபாரமாக ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் ஜெர்மனி, இத்தாலி என்று போய்வருகிறவர்கள், காட்பாடியில் படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள், ஜப்பானில் இருக்கும் மகன் அனுப்பிய பார்சலைப் பிரித்துவிட்டு யோசனையில் ஆழ்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று சத்துவாச்சாரியில் நான் நடத்தும் சர்வீஸ் கடைக்கு எல்லா ரகமும் வருவதுண்டு. கேள்வி மட்டும் ஒன்றுதான்: "இதை நம் வீட்டுக் கரண்டில் போடலாமா?"

வழிகள் பல. பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றும் சிறு அடாப்டர் வாங்கலாம். பவர் கார்டையே மாற்றலாம். சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் உள்பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம். 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று அங்கேயே விற்றுவிட்டும் வரலாம். பலரும் எடுத்த எடுப்பில் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். என் கணக்கில் அது கடைசியில் நிற்க வேண்டிய வழி.

முதலில் ஊருக்கு ஊர் இருக்கும் வித்தியாசம். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அதிலும் டோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்கில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்தும் ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. ஐரோப்பா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எல்லாம் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு. நம் சுவரில் இருக்கும் உருண்டைப் பின் பிளக் பிரிட்டன்காரர்கள் விட்டுச்சென்றது. அவர்கள் 1947-லேயே தட்டைப் பின்னுக்குத் தரம் வகுத்து அதற்கு மாறிவிட்டார்கள். நாம் உருண்டையை விடவில்லை.

கணினியைப் பொறுத்தவரை ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலையே வேண்டாம். உள்ளே நுழைந்த மாறுதிசை மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் முதல் வேலையாக நேர்மின்சாரமாக (டிசி) ஆக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஐம்பதாவது, அறுபதாவது. இரும்புக் கருவுள்ள பழைய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் சாதனங்களுக்குத்தான் ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டு. அமெரிக்காவில் வாங்கிய சில பெரிய ஸ்பீக்கர்கள் அந்த வகை. கணினியோடு சேர்த்து அவற்றையும் மூட்டை கட்டாதீர்கள்.

ஆகவே பார்க்க வேண்டியது வோல்ட்டேஜ். அதைப் பிளக்கின் வடிவம் சொல்லாது, லேபிள்தான் சொல்லும். லேப்டாப் என்றால் சார்ஜரின் அடிவயிற்றில், மேசைக் கணினி என்றால் பின்பக்கம் பவர் கார்டு செருகும் இடத்துக்கு அருகில், அல்லது மூடியைக் கழற்றினால் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும். எழுத்து கடுகளவு இருக்கும். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 'இன்புட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் படியுங்கள். 'அவுட்புட்' வரிசையில் இருக்கும் எண்கள் உங்களுக்கு வேண்டாதவை.

அங்கே நான்கு விதமாக எழுதியிருக்கலாம். 100–240 வோல்ட் என்று நடுவில் சிறுகோடு போட்டு ஒரே நீட்டாக எழுதியிருந்தால் கவலையை விடுங்கள். அது உலகம் முழுக்க ஓடும். இன்றைய லேப்டாப் சார்ஜர்கள் அனேகமாக எல்லாமே இந்த வகை. 115/230 என்று சாய்கோடு இருந்தால் (110, 115, 120 எல்லாம் அதே அமெரிக்க வோல்ட்டேஜைக் குறிப்பவைதான்) எங்கோ ஒரு சுவிட்ச் ஒளிந்திருக்கிறது என்று பொருள். 100–127/200–240 என்று இரண்டு வரம்பாகப் பிரித்து எழுதியிருந்தால் சுவிட்சும் இருக்கலாம், தானாகவே மாறிக்கொள்ளும் வகையாகவும் இருக்கலாம். பெட்டியைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெறும் 120 என்றோ 100 என்றோ இருந்தால் அது அந்த நாட்டுக்கு மட்டுமே ஆனது.

அந்தச் சுவிட்ச் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய மேசைக் கணினிகளின் பின்புறம், பவர் கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில், சிவப்பு நிறத்தில் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். விரல் நகம் நுழையாது. ஸ்க்ரூ டிரைவர் முனையால்தான் தள்ள முடியும். தள்ளினால் ஒரு பக்கம் 115 தெரியும், மறுபக்கம் 230 தெரியும். எந்த எண் கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதான் அப்போதைய அமைப்பு. உள்ளே நடப்பது இதுதான்: 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் அதன் உச்ச அளவு சுமார் 325 வோல்ட். அதைத் தலா 200 வோல்ட் தாங்கும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள் வரிசையாக நின்று பங்கு போட்டுக்கொள்கின்றன. அமெரிக்க வோல்ட்டேஜில் உச்ச அளவு பாதிதான் கிடைக்கும் என்பதால், சுவிட்சை 115-இல் வைத்தால் சுற்று வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கும் ஒன்றாக மாறிவிடும். ஒவ்வொரு கெப்பாசிட்டரும் தனித்தனியே முழு உச்சத்தை வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் அது சரி. 115-இல் இருக்கும்போது நம் ஊர்ப் பிளக் பாயின்ட்டில் செருகினால் 200 வோல்ட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் தலையிலும் 325 வோல்ட் வந்து விழுகிறது. தீபாவளி வெடியைப் போல ஒரு சத்தம், காரமான ஒரு புகை, அத்தோடு அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் கதை முடிந்தது. தலைகீழாக, சுவிட்ச் 230-இல் இருக்க அமெரிக்காவில் செருகினால் ஆபத்து இல்லை; கணினி கிளம்பாது, அவ்வளவுதான்.

ஆகவே சிவப்புச் சுவிட்ச் உள்ள கணினி அமெரிக்காவிலிருந்து வந்தால், கார்டைத் தொடுவதற்கு முன்பே அதை 230-க்குத் தள்ளி, மேலே ஒரு பிளாஸ்டிக் டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரண்டு சுற்று. புதிய எஸ்எம்பிஎஸ்களில் இந்தச் சுவிட்ச் அருகிவிட்டது. பவர் ஃபேக்டரைத் திருத்தும் சுற்று (மின்சாரத்தைக் கொத்தாக இழுக்காமல் சீராக இழுக்கவைப்பது) உள்ளவை, எவ்வளவு வோல்ட் வந்தாலும் முதலில் அதை 380 அல்லது 400 வோல்ட் நேர்மின்சாரமாக உயர்த்திக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். 90 வந்தாலும் 250 வந்தாலும் அதற்குப் பெரிய வித்தியாசமில்லை.

இனி வழிகளை ஒப்பிடலாம்.

லேபிளில் 100–240 இருந்தால் பவர் கார்டை மாற்றுவதே முதல் வழி. மேசைக் கணினியின் பின்னால் இருக்கும் மூன்று பட்டைப் பள்ளமும், லேப்டாப் சார்ஜரில் இருக்கும் மூன்று இதழ் வடிவப் பள்ளமும், சிறு சாதனங்களில் இருக்கும் எட்டு வடிவப் பள்ளமும் உலகம் முழுக்க ஒரே அளவு. ஐஇசி 60320 என்ற தரம் அதைக் கட்டிக் காக்கிறது. சுவர் பக்கம் இருக்கும் முனைதான் நாட்டுக்கு நாடு வேறு. சில நூறு ரூபாய்க்கு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நம் ஊர்க் கார்டு கிடைக்கிறது. பழைய கார்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு இதைச் செருகினால் வேலை முடிந்தது. எர்த் கம்பியும் முறையாகச் சேர்ந்து வரும்.

அடாப்டர் இதைவிடச் சுலபம் என்று தோன்றும். லாங்பஜாரில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். ஆனால் அதைப் பத்து நாள் விருந்தாளிக்கான பொருளாகவே நான் பார்க்கிறேன். பல அடாப்டர்களில் எர்த் பின் வெறும் அலங்காரம். ஐரோப்பிய இரட்டைப் பின் நம் துளையில் நுழையும், ஆனால் அதன் கனம் 4 மில்லிமீட்டர். நம் 6 ஆம்பியர் பின் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆடிக்கொண்டே இருக்கும், பொறி பறக்கும், பிளக் பாயின்ட்டின் உள் பட்டை கருகும். மேசைக் கணினிக்கு அடாப்டர் வாங்கி, ஒரு வருடம் கழித்துச் சுவிட்ச் போர்டை மாற்றுவதில் என்ன லாபம்?

எர்த் என்றதும் வேலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உலோக உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜில் போட்டபடி தொட்டால் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு வருவதாகப் பலர் சொல்வார்கள். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாக நூலளவு மின்சாரம் உடலுக்குக் கசிகிறது; எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரலைத் தேடி வரும். நல்ல சார்ஜரில் இது ஆபத்தான அளவு அல்ல, ஆனால் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அது சாட்சி. கஸ்பா, தோட்டப்பாளையம் போன்ற பழைய தெருக்களின் வீடுகளில் மூன்றாவது துளை இருக்கும், அதன் பின்னால் கம்பியே இருக்காது. கம்பி இருந்தாலும், கத்திரி வெயிலில் எர்த் குழி எலும்பாகக் காய்ந்துவிட்டால் அது இருந்தும் பயனில்லை. மல்ட்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட் மட்டுமாகவும் காட்டினால் பரவாயில்லை. இல்லாவிட்டால் குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கணினிக்குச் செலவழிப்பது அதற்குப் பிறகு.

லேபிளில் 120 மட்டும் இருக்கும் மேசைக் கணினிக்குத்தான் உண்மையான முடிவெடுக்க வேண்டியிருக்கிறது: எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதா, டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதா?

டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கணினியைத் திறக்கவே வேண்டாம். எந்த 110 வோல்ட் சாதனத்தையும் அதில் மாட்டலாம். நல்ல செம்புக் கம்பி சுற்றியது பல வருடம் உழைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் பல அளவில் கிடைக்கும். இவ்வளவும் உண்மைதான். ஆனால் நம் ஊர்க் கரண்ட் எப்போதும் 230 என்று யார் சொன்னது? மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இரவு எட்டு மணிக்குத் தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஒன்றாக ஓடத் தொடங்கினால் கடைசி வீட்டில் 180 வோல்ட் வந்தாலே அதிர்ஷ்டம். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுத்ததை அதே விகிதத்தில் குறைக்கத்தான் தெரியும். 230-ஐ 110 ஆக்குவது 180-ஐ 86 ஆக்கும். அமெரிக்க எஸ்எம்பிஎஸ் பலவும் 90-க்குக் கீழே கையை விரித்துவிடும். கணினி பாதி வேலையில் அணையும். அதே இடத்தில் 100–240 எஸ்எம்பிஎஸ் நேரடியாக 180-ஐ வாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல ஓடும். காசு கொடுத்து வாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் கணினியைப் பலவீனமாக்குகிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஒற்றைச் சுற்று வகை. அதில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே கம்பியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பொதுவான பகுதியில் கம்பி அறுந்தால் முழு 230-உம் அமெரிக்கச் சாதனத்தின் தலையில் இறங்கும். இரட்டைச் சுற்று வகையில் அந்தப் பயம் இல்லை, ஆனால் அது கனம், விலையும் அதிகம். அளவும் தாராளமாக வேண்டும்: பழைய எஸ்எம்பிஎஸ் மின்சாரத்தை அலையின் உச்சியில் மட்டும் கொத்தாக இழுப்பதால், 300 வாட் கணினிக்கு 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மராவது தேவை. கணினி அணைந்திருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சை அணைக்காவிட்டால் அது சூடேறிக்கொண்டு, ரீங்காரம் போட்டுக்கொண்டு மின்சாரத்தைத் தின்னும். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால் கரண்ட் போன நேரத்தில் சத்தம் இன்னும் கூடும்.

வெளிநாட்டு விமான நிலையங்களில் கையடக்கமாக '1600 வாட் கன்வெர்ட்டர்' என்று ஒன்று விற்பார்கள். அது தலைமுடி உலர்த்தும் சாதனத்துக்காகச் செய்தது. மின் அலையை வெட்டி வெட்டி அனுப்பும். கணினியை அதில் மாட்டவே கூடாது.

எஸ்எம்பிஎஸ் மாற்றுவதில் ஒரே ஒரு சிக்கல்தான். உதிரி பாகங்கள் வாங்கிக் கோத்த கணினி என்றால் ஏடிஎக்ஸ் என்ற பொதுத் தர அளவு. நான்கு திருகு கழற்றி நான்கு திருகு மாட்டும் வேலை. பெரிய கம்பெனிகள் முழுதாகச் செய்து விற்கும் கணினிகளில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் இணைப்பிகளும் அந்தந்த மாடலுக்கே உரியவையாக இருப்பதுண்டு. அப்போது மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அதே பாகத்தின் முழு வரம்பு வகையைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் விற்றுவிடுவதே மேல். மாற்றுவதென்று தீர்மானித்தால் பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ளதை வாங்குங்கள். ஆனால் வீட்டு இன்வெர்ட்டர் சைன் அலை வகையாக இருக்க வேண்டும். சதுர அலையில் இந்த வகை சில நேரம் சட்டென்று அணைந்துவிடும்.

"தம்பி, பிரிண்டரையும் அதிலேயே மாட்டிவிடலாமா?" என்று காந்திநகர் ஐயா ஒருவர் கேட்டார். மகன் அமெரிக்காவிலிருந்து கணினி, லேசர் பிரிண்டர், யுபிஎஸ், ஆறு துளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று மொத்தமாக அனுப்பியிருந்தார். "ஐயா, கணினிக்கு ஒரு கார்டு போதும். மற்ற மூன்றையும் தொடாதீர்கள்" என்றேன். லேசர் பிரிண்டரில் காகிதத்தில் மையைச் சுட்டு ஒட்டவைக்கும் சூடேற்றி ஒன்று உண்டு. 120 வோல்ட்டுக்கு அளவெடுத்த சூடேற்றியில் 230 பாய்ந்தால் சூடு இரண்டு மடங்காகாது; வோல்ட்டேஜ் விகிதத்தின் வர்க்கமாக, மூன்றரை மடங்குக்கும் மேல் போகும். அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதென்றால் பிரிண்டரைவிடப் பெரிதாக வாங்க வேண்டும். யுபிஎஸ் 120 வோல்ட்டுக்கே பிறந்தது. அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் எல்லாவற்றிலும் மோசம். மின்னெழுச்சியைத் தடுக்கும் சிறு வட்டு உள்ளே இருக்கும். 120 வோல்ட்டுக்கு மேல் கொஞ்சம் ஏறியதுமே கடத்தத் தொடங்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். நம் கரண்டில் செருகிய கணத்தில் அது வெடிக்கும், தீயும் பிடிக்கலாம். கணினி 100–240 ஆயிற்றே என்று நம்பி, அமெரிக்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஓர் அடாப்டரோடு சுவரில் செருகுகிறவர்கள் நிறையப் பேர்.

கொண்டுவரலாமா விற்கலாமா என்பதில் என் தீர்ப்பு சுருக்கமானது. லேப்டாப் என்றால் கொண்டுவாருங்கள். பெரியவர்கள் ஒருவருக்கு ஒரு லேப்டாப் வரை சுங்க வரியும் இல்லை. மேசைக் கணினிக்கு அந்தச் சலுகை கிடையாது, எடையும் கூடுதல். பெட்டிக்குள் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு மிச்சத்தை அங்கேயே தள்ளிவிடுவது புத்திசாலித்தனம்.

இங்கிருந்து வெளியே போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. பிரிட்டனுக்கோ துபாய்க்கோ போனால் தட்டை மூன்று பின். பிளக்குக்குள்ளேயே ஃப்யூஸ் இருக்கும். இறங்கியதும் லேப்டாப் கார்டு ஒன்றை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்யூஸ் 3 அல்லது 5 ஆம்பியராக இருக்கட்டும். ஜெர்மனியில் கனமான வட்ட பிளக். மிலான் கண்காட்சிக்குப் போகும் ஆம்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது, இத்தாலியில் பல இடங்களில் மூன்று துளையும் ஒரே வரிசையில் இருக்கும். ஜெர்மன் வட்ட பிளக் அதில் நுழையாது, மெல்லிய இரட்டைப் பின் நுழையும். சில நாள் பயணத்துக்கு அடாப்டரே போதும்.

பிலிப்பைன்ஸுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே சுவரில் இருப்பது அமெரிக்காவின் தட்டை இரட்டைத் துளை. உள்ளே ஓடுவது 220-ஐ ஒட்டிய வோல்ட்டேஜ், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் இருக்கும் மாமா கொடுத்தனுப்பிய 120 வோல்ட் சாதனம் அங்கே சுலபமாக நுழையும், நுழைந்த வேகத்தில் எரியும். இங்கிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட் சாதனங்கள் பின் மாறினால் போதும், பெரும்பாலும் ஓடும்.

அமெரிக்காவுக்கு வேலூரில் கோத்த மேசைக் கணினியை எடுத்துப்போக நினைப்பவர்கள் எஸ்எம்பிஎஸ் லேபிளை இன்னொரு முறை படிக்க வேண்டும். நம் ஊரில் விற்கும் மலிவு எஸ்எம்பிஎஸ்களில் 200–240 மட்டுமே எழுதியிருப்பது சகஜம். அங்கே 120-இல் அது கண்ணையே திறக்காது. அமெரிக்க வீட்டிலும் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் மின் அடுப்புக்கும் 240 வோல்ட் இணைப்பு இருக்கும், ஆனால் அதை நம்பிக் கணினி மேசையைச் சமையலறையில் போட முடியாது. அங்கே போய் முழு வரம்பு எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். ஏடிஎக்ஸ் அளவு அங்கும் இங்கும் ஒன்றுதான்.